புகைபோக்கி: குழல், தண்டு, கட்டு

அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் பழைய கட்டடங்களின் படவிளக்கத்துக்காக 'சிம்னி ஸ்டாக்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்தவை அலங்காரப் புகைபோக்கி, புகைத்தூண், புகைக்கோபுரம். மூன்றும் எனக்கு ஒட்டவில்லை.

> புகைபோக்கி என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

அதைத் தொடவே வேண்டாம் ஐயா. ஆனால் அது முழு அமைப்புக்கும் பெயர். சுவருக்குள் ஏறும் பொந்தும் புகைபோக்கி, கூரைக்கு மேல் நிற்கும் செங்கல் வேலையும் புகைபோக்கி, அதன் தலையில் செருகிய சுட்டமண் குழாயும் புகைபோக்கி. நம் வீடுகளில் ஓர் அடுப்பு, ஒரு துளை. பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. லண்டனிலோ அறைக்கு அறை கணப்பு, அதாவது குளிர்காயும் அடுப்பு. 1662 முதல் 1689 வரை இங்கிலாந்தில் கணப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரியே வாங்கினார்கள். இரண்டு கணப்புகளை ஒரே பொந்தில் விட்டால் புகையை மேலே இழுக்கும் இழுவை கெடும், கீழறைப் புகை மேலறைக்குள் வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொந்து விட்டு, பல பொந்துகளை ஒன்றுசேர்த்துக் கூரைக்கு மேலே எடுப்பார்கள். அப்படி வெளியே தெரிவதுதான் ஸ்டாக்.

புகைத்தூண் என்றால் புகையே தூணாக எழும்புவது என்றுதான் பொருள்படும். தமிழ் விவிலியத்தில் யோவேல் நூலில் வரும் 'புகைஸ்தம்பங்கள்' அந்தப் பொருளில்தான். தவிர, தூண் என்றால் எதையாவது தாங்க வேண்டும். இது எதையும் தாங்குவதில்லை. கோபுரத்தைத் தொழிற்சாலைப் புகைபோக்கிக்கு விட்டுவிடலாம்.

'அலங்கார' என்ற அடைமொழியோடுதான் எனக்குப் பெரிய சண்டை. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டினல் வுல்சி கட்டத் தொடங்கி, மன்னர் எட்டாம் ஹென்றி விரிவாக்கியது. அங்கே ஒரே பீடத்திலிருந்து பல புகைபோக்கிகள் தனித்தனியாக எழும்பி நிற்கும். ஒன்றில் திருகு, பக்கத்தில் இருப்பதில் நெளிகோடு, அடுத்ததில் தேன்கூட்டு வேலை. இதற்காகவே அச்சில் வார்த்த, செதுக்கிய செங்கற்கள். (இன்று நிற்பவற்றில் பல 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியவை.) உச்சியில் வரிக்கு வரி கல்லை வெளியே தள்ளி வைத்திருப்பார்கள். பார்க்கக் கிரீடம் மாதிரி இருக்கும், ஆனால் மழைநீர் உடம்பில் வழியாமல் தள்ளி விழுவதும் அதனால்தான். உயரமும் அப்படியே: பகட்டு ஒரு பக்கம், கூரை முகட்டில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே அமுக்காமல் இருப்பது இன்னொரு பக்கம். வேலையும் அழகும் ஒரே கல்லில் இருக்கும்போது 'அலங்கார' என்று முன்னொட்டுப் போட்டால், பின்னால் ஒட்டவைத்தது போலத் தொனிக்கும்.

என் முன்மொழிவு இதுதான். உள்ளே இருக்கும் பொந்து புகைக்குழல். கூரைக்கு மேல் தனியாக எழும்பும் ஒற்றை உடல் புகைத்தண்டு. பலவும் சேர்ந்து நிற்பது தண்டுக்கட்டு. புல்லுக்கட்டிலும் கட்டு, செங்கற்கட்டிலும் கட்டு. இங்கே இரண்டு பொருளும் பொருந்துகின்றன. குழலுக்குப் பதில் 'புழை' என்றார் ஒருவர். சங்கச் சொல், எனக்கும் பிடிக்கும், ஆனால் எந்தக் கொத்தனாரும் சொல்லப் போவதில்லை.

உச்சியில் தள்ளி வைத்த வரிக்குக் 'கபோதம்' வேண்டாம். கோயிலில் அது வளைந்து இறங்கும் கூரை விளிம்பு. கொத்தனார் 'பிதுக்கி வை' என்றுதானே சொல்கிறார், பிதுக்குவரி போதும்.

செங்கல் வேலைக்கு வருவோம். கட்டு என்பதை மேலே எடுத்துக்கொண்டதால் செங்கற்களை அடுக்கும் முறையான 'பாண்ட்' என்பதற்குப் பிணைப்பு. நீளப்பக்கம் வெளியே தெரிந்தால் நெடுக்குக்கல், சிறுபக்கம் தெரிந்தால் குறுக்குக்கல். ஒரு வரி முழுதும் நெடுக்கு, அடுத்த வரி முழுதும் குறுக்கு என்றால் ஆங்கிலப் பிணைப்பு. ஒரே வரியில் மாறி மாறி வந்தால் ஃபிளெமிஷ் பிணைப்பு. ஹாம்ப்டன் கோர்ட் சுவர்களில், சூளையில் அதிகம் வெந்து கருத்த குறுக்குக்கற்களை வைத்துச் சாய்சதுரக் கோலம் போட்டிருப்பார்கள். அதற்குச் சாய்கட்டம் எனலாம்.

சொற்களை வேறு இடத்தில் உரசிப் பார்த்தேன். லண்டனில் 1873இல் திறந்த செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலைய விடுதியின் கூரையில் தண்டுக்கட்டு சரியாக உட்கார்கிறது. பார்சலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய குவெல் மாளிகையில் 20 புகைபோக்கிகள். சில வெறும் செங்கல், சில உடைந்த ஓட்டுச்சில் பதித்தவை. அவை தனித்தனியே நிற்பதால் கட்டு வராது, தண்டு மட்டும்தான்.

பாக்கி 'சிம்னி பாட்', தலையில் செருகும் அந்தச் சுட்டமண் குழாய். புகைப்பானை என்றால் அடியில்லாத பானையாகிறது. குழல்முடி என்று வைத்திருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் படவிளக்கங்களில் இப்படியே போட்டுவிடலாம்.