மே பால் நடனத்துக்குப் பட்டுச் சேலையா, கவுனா? இல்லை, போகவே வேண்டாமா?

மல்லிகைச்சரம்:
கேம்பிரிட்ஜில் முதலாண்டு முடிக்கப்போகிறேன். தேர்வெல்லாம் முடிந்ததும் இங்கே கல்லூரிகளில் மே பால் (May Ball) என்ற நடன விருந்து நடக்கும். பெயரில்தான் மே, நடப்பது ஜூனில். ராத்திரி ஆரம்பித்து விடியும்வரை பாட்டு, ஆட்டம், சாப்பாடு. என் தோழிகள் ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஒருத்தி வர முடியாமல் போனதால் அவள் டிக்கெட் எனக்குக் கிடைக்கும்போலிருக்கிறது. உடை விதி 'பிளாக் டை'. ஆண்களுக்குக் கறுப்பு டின்னர் ஜாக்கெட், போ டை. பெண்கள் பெரும்பாலும் தரை தொடும் கவுனில் வருவார்கள். என்னிடம் கவுன் கிடையாது. அம்மாவின் அரக்குக் காஞ்சிப் பட்டு ஒன்று பெட்டியில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஜீன்ஸும் ஸ்வெட்டருமாகவே திரிகிறேன். ஒரு ராத்திரியாவது ஆசையாக உடுத்திக்கொள்ள வேண்டும். சேலை கட்டலாமா?

காரைக்குடியான்:
சேலையா கவுனா என்பது அப்புறம். டிக்கெட் எவ்வளவு தங்கச்சி? பெரிய கல்லூரிகளில் 200 பவுண்டைத் தாண்டுகிறதே. அது எத்தனை வாரத்துச் சாப்பாட்டுச் செலவு என்று நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். ஒரு ராத்திரிக்கு அவ்வளவா?

மார்கழிப்பனி:
தாராளமாகச் சேலை கட்டுங்கள். 'பிளாக் டை அல்லது அவரவர் நாட்டு உடை' என்று பல கல்லூரிகளில் அழைப்பிலேயே போட்டிருப்பார்கள். ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியான், பணம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருஷப் படிப்பில் இப்படி உடுத்திக்கொண்டு நிற்க எத்தனை வாய்ப்பு வரும்? ஊரில் இருந்தால் கல்யாணம், வளைகாப்பு, பொங்கல் என்று பட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க ஏதாவது ஒரு நாள் வந்துகொண்டே இருக்கும். அங்கே தனியாக இருக்கும் பிள்ளைக்கு அது ஒன்றும் இல்லை. நான் லண்டனில் படித்தபோது ஒரு வருஷம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொள்ளவே மறந்துபோனேன். துறை விருந்து ஒன்றுக்காகச் சேலை கட்டிய அன்றுதான் எனக்கே என்னை அடையாளம் தெரிந்தது.

காரைக்குடியான்:
உங்கள் அனுபவம் புரிகிறது அக்கா. என்னுடையதையும் சொல்கிறேன். நான் படித்த ஊரிலும் இப்படி ஒரு நடனம் உண்டு. ஊர்ப்பெயர் வேண்டாம். டிக்கெட் வாங்க வழியில்லாமல் பரிமாறும் வேலைக்குப் போனேன். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் தட்டு. வருஷம் முழுக்க ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து இடத்தில் நின்றவன் டின்னர் ஜாக்கெட்டில் வந்து தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டவன் இல்லை அவன். அந்த உடுப்புக்குள் இருந்தவனுக்கு இந்த உடுப்புக்குள் இருந்த நான் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். யார் விருந்தாளி, யார் வேலையாள் என்று தூரத்திலிருந்தே பிரித்துக் காட்டத்தான் இந்த உடை விதியே.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் 1866-இலிருந்து நடப்பதாகச் சொல்கிறார்கள். படகுக் குழு ஆண்களின் கொண்டாட்டம். அந்தக் கல்லூரி இளங்கலைக்குப் பெண்களைச் சேர்த்ததே 1978-இல்தான். அதற்கு முன் நெடுங்காலம் பெண்கள் விருந்தாளியாக, அழகாக உடுத்தி வர மட்டும் அனுமதி. மாக்டலின் கல்லூரியில் 1988-இல் பெண்களைச் சேர்த்தபோது மாணவர்கள் கையில் கறுப்புத் துணிப்பட்டை கட்டித் துக்கம் காட்டினார்கள்.

மார்கழிப்பனி:
அந்த ராத்திரி உங்களுக்கு வலித்திருக்கும் தம்பி. படிக்கும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் வரலாறு சொல்கிறீர்களே, அதையே நான் மறுபக்கமாகப் பார்க்கிறேன். விருந்தாளியாக மட்டும் பெண்கள் நுழைந்த புல்வெளியில் இன்று அந்தக் கல்லூரியில் படிக்கும் பெண்ணே தன் சொந்தச் சேலையில் நிற்கிறாள். நம் ஆட்கள் ஒதுங்கிக்கொண்டால் அங்கே யார் மிஞ்சுவார்கள்?

பணத்துக்கும் வழி உண்டு. சில கல்லூரிகளில் ஜூன் ஈவென்ட் என்று நடக்கும். விலை குறைவு, உடை விதியும் அவ்வளவு கெடுபிடி இல்லை. கிங்ஸ் கல்லூரியில் மே பாலுக்குப் பதில் கிங்ஸ் அஃபேர் என்று ஒன்று, அதற்கு வேடம் கட்டிக்கொண்டே போகலாம்.

காரைக்குடியான்:
ஜூன் ஈவென்ட் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்று. ஆண் ஒரே ஜாக்கெட்டை வாடகைக்கு எடுத்தோ, பழைய துணிக்கடையில் வாங்கியோ மூன்று வருஷமும் போட்டுக்கொள்ளலாம். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பெண் போன வருஷக் கவுனையே போட்டால் போட்டோவில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பாரம் பெண்கள் தலையில்தானே ஏறுகிறது?

மார்கழிப்பனி:
அது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் சேலை என்கிறேன். ஒரே சேலையை ரவிக்கை மாற்றி மூன்று வருஷம் கட்டலாம்.

ஈரோட்டுத்தறி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் இப்படி ஒரு ராத்திரிக்குச் சேலை கட்டிப் போனவள். அரக்குக் காஞ்சிப் பட்டு வேண்டாம் தங்கம். கனமான ஜரிகை. உள்ளே போவதற்கே நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம் புல்வெளி. நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கிப் புல் நனைந்துவிடும். கவுன்காரிகளின் குதிகால் செருப்பு மண்ணில் புதையும், நம் பட்டின் கரை தண்ணீரைக் குடிக்கும். நான் விடிகாலையில் பார்த்தபோது ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. அதை அம்மாவிடம் சொல்லவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

மென்பட்டோ பட்டுப்பருத்தியோ கட்டுங்கள். கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி ஏற்றிக் கட்டி, கொசுவத்தை உள்பாவாடையோடு சேர்த்துப் பின் குத்துங்கள். முந்தானையை மடித்துத் தோளில் இரண்டு பின். தட்டைச் செருப்பு. கம்பளிச் சால்வை கட்டாயம், ஜூன் என்று நம்பாதீர்கள். ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம் ஒன்று ஆடுவார்கள், கையைப் பிடித்துச் சுற்றிவிடுவார்கள். முந்தானை பறந்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில்தான் விழும்.

மல்லிகைச்சரம்:
எல்லாருக்கும் நன்றி. காரைக்குடியான் அண்ணா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். என் வகுப்பில் இருவர் அன்று பரிமாறும் வேலைக்கு வருகிறார்கள் என்று இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த 200 பவுண்டு டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறொரு கல்லூரியின் ஜூன் ஈவென்ட்டுக்குப் போகிறோம், அந்த இருவரும் வருகிறார்கள். அதில் ஒருத்தி ஈழத்துப் பெண். அவளும் சேலை கட்டுகிறேன் என்கிறாள். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் கொசுவம் சரியாக வராது. ஈரோட்டு அக்கா, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சொல்லித் தர முடியுமா?

காரைக்குடியான்:
நல்லது தங்கச்சி. அங்கே பரிமாறுகிறவர்களிடம் பெயர் கேட்டுப் பேசுங்கள்.

ஈரோட்டுத்தறி:
ஞாயிறு சாயங்காலம் உங்கள் நேரம் ஐந்து மணி. பின் ஒரு டஜன் வாங்கி வையுங்கள்.