தொண்டியில் ஒரு பழைய வல்லம், வாங்கலாமா?

வணக்கம், ஊர் காரைக்குடி. தொண்டியில் மச்சானோடு சேர்ந்து ஒரு பழைய மர வல்லம் (நாட்டுப்படகு) வாங்கப் பார்க்கிறோம், எஞ்சின் ஓடுகிறது, பேப்பரும் சரியாக இருக்கிறது, கவலை மரத்தில்தான். அடிப்பலகையில் சாவியால் குத்தினால் ஓர் இடத்தில் மாவு மாதிரி உதிர்கிறது, ஆணியைச் சுற்றித் துருக்கறை. இரண்டு பலகை மாற்றினால் போதும் என்கிறார் விற்பவர். ஏராவிலேயே, அதாவது படகின் அடிமரத்திலேயே, புழு ஏறியிருந்தால் பேசாமல் விட்டுவிடலாம், ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே ஃபைபர் ஒட்டிக்கொள் என்கிறார்கள் சிலர், ஈர மரத்தில் ஒட்டினால் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகுமே! ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஆசாரிமார் விசைப்படகு வேலைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் பிடிக்க முடியாது. தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் மர வேலை தெரிந்த நல்ல ஆசாரி இருந்தால் சொல்லுங்கள் அண்ணே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கூட்டிப்போய்க் காட்டணும்.