சிறிய மனநல இல்லம்: பார்க்கப் போகிறவர்கள் எங்கே பார்க்க வேண்டும்?

மனநலச் சமூகப்பணியாளர், மதுரை

வீட்டில் ஒருவரைச் சேர்க்க இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் இல்லத்தைப் பார்க்கப் போகிறார்கள். ஆபீஸ் அறையில் காபி கொடுப்பார்கள், ஆண்டுவிழா ஆல்பத்தைக் காட்டுவார்கள், துடைத்து வைத்த ஹாலைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் தெரியும். ஒரு தடவையாவது இரவு 8 மணிக்கு, சொல்லாமல் போங்கள்.

இரவு வேலையில் எத்தனை பேர்? 20 பேருக்கு ஒரே ஒருவர் என்றால், ஒருவருக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் மற்ற 19 பேரோடு யார் இருப்பார்கள்? கிரில் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? பதிலைக் கேட்டதோடு விடாமல் திறந்து காட்டச் சொல்லுங்கள். கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தால், தீப்பிடித்த இரவிலும் அப்படித்தான் போட்டுப் பார்ப்பார்கள். பின்பக்க வழியில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பூட்டைப் பற்றிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி பதிவுச் சான்றிதழும், மறுஆய்வு வாரியத்தின் (தங்கியிருப்பவர்களின் குறைகளை விசாரிக்கும் அமைப்பு) முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். சான்றிதழ் ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தால், உள்ளே தங்கியிருப்பவர் அதை எப்படிப் பார்ப்பார்?

மனநலச் செவிலியர், சேலம்

மேடம் சொன்னதோடு மருந்து அலமாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய தனி டப்பா, அதற்குள் அவருடைய மருந்துச் சீட்டின் நகல், அட்டையிலிருந்து பிரிக்காத மாத்திரை, இவை இருக்க வேண்டும். எல்லோருடைய மாத்திரையையும் முன்கூட்டியே உதிர்த்துச் சின்னச் சின்ன மூடிகளில் போட்டு வைத்திருந்தால், ஆள் மாறிப்போவதற்கு ஒரு மூடி இடம் மாறினால் போதும்.

அடுத்தது மருந்துப் பதிவேடு. காலை 10 மணிக்கு அதைத் திறந்தால் அன்று இரவுக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும் இடங்கள் உண்டு. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு வாரத்துக்கும் மொத்தமாகப் போட்டது தெரியும். சந்தேகம் இருந்தால் எண்ணிப் பாருங்கள். காலை 1, இரவு 1 என்று 1-ஆம் தேதி 60 மாத்திரையோடு தொடங்கியிருந்தால், 12-ஆம் தேதி காலை வேளைக்கு முன் 22 செலவாகி 38 இருக்க வேண்டும். 45 இருந்தால் 7 வேளை விட்டுப்போயிருக்கிறது. 30 இருந்தால் அதிகமாகக் கொடுக்கிறார்கள், அல்லது வேறு யாருக்கோ போகிறது.

க்ளோசபின் என்ற மனச்சிதைவு நோய் மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால் ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கேளுங்கள். அந்த மருந்தில் வெள்ளணுக்கள் குறையலாம் என்பதால் முதல் 18 வாரம் வாரா வாரம் அவற்றைப் பார்க்க வேண்டும். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது, அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலும் அந்த மருந்தில் சின்ன விஷயமில்லை, குடல் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். "இவர் கடைசியாக எப்போது மலம் கழித்தார்?" என்ற கேள்விக்கு வார்டனிடம் பதில் இருக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெளியே நிறைய பீடி குடித்தவர் இல்லத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தினால் ரத்தத்தில் க்ளோசபின் அளவு ஏறும். ஆள் தூங்கி வழிவதைப் பார்த்து "நல்லா அடங்கிட்டார்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்றால் கோடையில் தண்ணீர் முக்கியம். வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம் இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுப்பதும் லித்தியம் அளவை ஏற்றிவிடும்.

ஊசிப் பதிவையும் கிழமையோடு படியுங்கள். அடங்காதபோது போடும் ஊசி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதிகமாக விழுந்திருந்தால், அன்றைக்கு ஆள் குறைவா என்று விசாரியுங்கள்.

பராமரிப்பவர், திருநெல்வேலி

குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் வேண்டும், அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கவும் முடிய வேண்டும். துண்டும் சோப்பும் பல்விளக்கும் பிரஷும் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா? எல்லோருக்கும் ஒரே பிளேடில் சவரம் செய்தால் மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும். பெண்களுக்கு நாப்கின் கேட்டவுடன் கிடைக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் போய்க் கெஞ்ச வேண்டுமா? எல்லாப் பெண்களுக்கும் ஒட்ட வெட்டிய முடி இருந்தால் பேன் தொல்லை என்பார்கள். கட்டாயமாகத் தலை மழிப்பதையும் சீருடை போடச் சொல்வதையும் சட்டம் தடுக்கிறது.

சாப்பாட்டில் ருசியை விட நேரத்தைப் பாருங்கள் அக்கா. ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சாயங்காலம் 6 மணிக்கே இரவுச் சாப்பாடு போட்டுவிட்டு, காலை 8 மணிக்கு இட்லி தந்தால் நடுவில் 14 மணி நேரம் பட்டினி. சர்க்கரை நோயாளிக்கு அது ஆபத்து. பல் இல்லாதவர்களும் மருந்தில் மந்தமாக இருப்பவர்களும் அவசர அவசரமாக விழுங்கினால் புரையேறி மூச்சடைக்கும். சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் இருக்கிறாரா, பரிமாறிவிட்டுப் போய்விடுகிறாரா?

இல்லத்தில் தங்கியிருந்தவர், சென்னை

எல்லோரும் பதிவேட்டைச் சொல்கிறீர்கள். உள்ளே இருப்பவர்களிடம் பேசுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "நல்லா இருக்கேன் சார்" என்பதைத் தவிர வேறு பதில் அங்கே சொல்ல முடியாது. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? கேட்டுக்கு வெளியே கடைசியா எப்போ போனீங்க? இந்த மாத்திரை எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா? வீட்டுக்கு போன் பண்ணும்போது பக்கத்துல யார் நிப்பாங்க? இப்படிக் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் கண் வார்டனைத் தேடினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக, மொட்டை மாடியிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து பேசுங்கள். கூட உட்காருவேன் என்று பணியாளர் அடம்பிடித்தால் அதையும் எழுதுங்கள்.

பெட்டி யாருடையது, சட்டை யாருடையது, ஏடிஎம் அட்டையும் ஆதாரும் யாரிடம் என்பதும் முக்கியம். உதவித்தொகை வங்கியில் விழுகிறது, எடுப்பது யார்? பாத்திரம் கழுவுவதும் காய் நறுக்குவதும் "தொழில் சிகிச்சை" என்றால் விருப்பமில்லாதவர் மறுக்க முடியுமா? செய்கிற வேலைக்குக் கூலி உண்டா?

மனநலச் சமூகப்பணியாளர், மதுரை

கட்டிப்போடுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன். சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது, தனியறையில் அடைப்பதும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். காரணத்தை எழுதி வைத்து, தங்கியிருப்பவர் தனக்காக நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை காரணமாகாது. கட்டில் கம்பியில் பெயின்ட் தேய்ந்த இடம், ஜன்னலில் முடிச்சுப் போட்ட பழைய புடவைக் கிழிசல், வெளியே மட்டும் தாழ்ப்பாள் உள்ள அறை, இவற்றைப் பாருங்கள். கணுக்காலில் தழும்பு இருந்தால் அது முந்தைய இடத்தில் பட்டதாகவும் இருக்கலாம், அவரிடமே கேளுங்கள். கட்டுப்படுத்தியதை எழுதும் பதிவேடு வருடம் முழுக்கக் காலியாக இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக, போன வருடம் எத்தனை பேர் இங்கிருந்து வெளியே போய் வாழத் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். "போக இடமில்லை" என்பது முழுப் பதிலாகாது. மனநலத் தொண்டு நிறுவனமான தி பான்யனின் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், பல வருடம் விடுதியில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

குறை இருந்தால் தேதி, நேரம், பார்த்தது, யார் சொன்னது என்று அன்றே எழுதி வையுங்கள். வாரியத்துக்கு மனுப்போடக் கட்டணமில்லை. தங்கியிருப்பவரோ, அவருடைய பிரதிநிதியோ, அவர் சம்மதத்தோடு பதிவுபெற்ற தொண்டு நிறுவனமோ போடலாம். மனுப் படிவத்தை இல்லமே கொடுக்க வேண்டும், வாரியத்தோடு பேச போனையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதனால் படிவம் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.