கேட் கீப்பர் அம்மாவைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மகள்:
நெல்லிக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டில் பல வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன என் அம்மா போன வாரம் காலமானார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கரும்பு டிராக்டர் ஓட்டுபவர்கள், கடலூர் முதுநகர் மீன்காரம்மாக்கள், அந்த வழியாகக் காலேஜுக்குப் போய்வந்தவர்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அன்றைக்கு எதுவும் என் காதில் ஏறவில்லை. அதனால்தான் கேட்கிறேன், அவரைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள்.

முதலில் நான் சொல்கிறேன். அப்பா ரயில்வேயில் டிராக்மேன். அவர் இறந்தபோது தம்பி கைக்குழந்தை. கருணை அடிப்படையில் அம்மாவுக்கு வேலை வந்தது. எட்டாவது வரை படித்தவர். "ஒத்தையில ராத்திரி டூட்டி, பொம்பளைக்கு ஆகுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பாட்டியை எங்களுக்குக் காவல் வைத்துவிட்டு அம்மா கிளம்பினார். பன்னிரண்டு மணி நேர டூட்டி. நைட் முடிந்து வந்து சோறு வடித்து, எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பிய பிறகுதான் கண்ணை மூடுவார்.

ரொம்பக் கஷ்டப்பட்டது கேஜ் மாற்றத்தின்போது. விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடியதும் அவரை விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பண்ருட்டி வழியாக பஸ்ஸில்தான் போக வர. 2010-ல் அகலப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் பழைய இடத்துக்குத் திரும்பினார். என் பத்தாம் வகுப்புப் பரீட்சை அந்த இடைப்பட்ட காலத்தில்தான் வந்தது. எத்தனை மணிக்கு வீடு வந்தாலும் கணக்குக் கேள்வித்தாளை வாங்கி, ஒவ்வொரு கேள்வியாக எழுத்துக்கூட்டிப் படித்து, "இது எழுதுனியா?" என்று கேட்பார். அந்தக் கணக்கு எதுவும் அவருக்குத் தெரியாது. ஒன்றையும் விட்டுவிடவில்லையே என்று பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பக்கத்து ஊர்க்காரி:
அக்கா, என் மகன் பிறந்த அன்றைக்கு உங்க அம்மாதான் எதிரே வந்தார். இடுப்பு வலியோடு ஆட்டோவில் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம், கேட் மூடியிருக்கிறது. என் மாமியார் இறங்கிப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "நம்பர் குடுத்துட்டேன் தாயி, சிக்னல் உழுந்துடுச்சி. இனிமே நானே நெனச்சாலும் சாவி கழண்டு வராது" என்றார். உடனே போனைப் போட்டு வண்டி எங்கே வருகிறது என்று விசாரித்துவிட்டு நேராக ஆட்டோவுக்கு வந்து, "அஞ்சு நிமிஷந்தான், மூச்சை நல்லா இழுத்து வுடு" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். வண்டி வருகிற நேரம் கொடியோடு போய் நின்றுகொண்டார். கேட்டைத் தூக்கியதும் எதிர்ப்பக்கம் நின்ற பஸ், லாரி எல்லாவற்றையும் சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டு எங்கள் ஆட்டோவை முதலில் விட்டார். பிள்ளையைக் காட்டப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி கிலோ இருந்தான்?"

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்:
அந்தம்மா சொன்ன 'நம்பர்' என்ன என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வண்டி விடுவதற்கு முன் ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்குப் போன் போகும். கேட்டை மூடிப் பூட்டியாயிற்று என்பதற்கு உறுதியாக கேட் கீப்பர் தன் பட்டியலிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்வோம். அந்த ஒரு நம்பரை நம்பித்தான் வண்டி போகும். நைட் ஷிஃப்டில் சில கேட்களைப் பிடிக்கப் போன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இந்தம்மா கேட்டில் இரண்டாவது மணிக்குள் குரல் வந்துவிடும். மூடிவிட்டு வந்துதான் நம்பர் சொல்வார், சொல்லிவிட்டு மூடப் போகிற வேலை அவரிடம் கிடையாது. என் சர்வீஸில் நான் முழுதாக நம்பியவர்களில் அவர் ஒருவர்.

கரும்பு டிராக்டர் டிரைவர்:
நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிறேன், தண்டவாளத்து மேலேயே டிரெய்லரை இன்ஜினோடு மாட்டுகிற இரும்புப் பின் ஒடிந்துவிட்டது. இன்ஜின் அந்தாண்ட, லோடு நடுவில. நான் கை கால் ஓடாமல் நிற்கிறேன். அந்தம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. முதலில் ஸ்டேஷனுக்குப் போன்: "கேட்டுல லோடு நிக்குது, சோழன் எக்ஸ்பிரஸை அங்கியே நிறுத்துங்க." அப்புறம் பஸ்ஸில் இருந்த ஆம்பளைகளை எல்லாம் இறங்கச் சொல்லி, கட்டுக் கட்டாகக் கரும்பை இறக்கவைத்து, டிரெய்லரைத் தள்ளவைத்தார். எல்லாம் முடிந்து லைன் கிளியர் ஆன பிறகுதான் எனக்குப் பாட்டு விழுந்தது! அதிலிருந்து ஒவ்வொரு அரவைப் பருவத்திலும் எங்கள் வண்டி நின்றால் டார்ச்சோடு வந்து பின்னைக் குனிந்து பார்ப்பார். தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுவார். மறுநாளும் மறக்காமல் கேட்பார்.

மகள்:
அண்ணே, இந்தப் பின் விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் தம்பி சைக்கிளின் பிரேக் கட்டையையும் அவர் இப்படித்தான் குனிந்து பார்ப்பார்.

'தானே' புயலைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 2011 டிசம்பர் 30 விடியற்காலை புயல் கரையைக் கடந்தபோது அம்மா டூட்டியில்தான் இருந்தார். ரோட்டில் மாட்டிக்கொண்ட இரண்டு லாரிக்காரர்களைக் கேட் ரூமுக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். எங்கள் ஓட்டு வீட்டில் பாதிக்கு மேல் கூரை போய்விட்டது. மாற்று ஆள் வந்த பிறகு, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்தார். எங்கள் மூன்று பேரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பாட்டிக்கு உடம்பு சுடுகிறதே என்று சுக்குத் தண்ணி வைக்க அடுப்பைத் தேடினார்.

பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே வைத்திருக்கிறோம். கேட் பக்கம் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். டிராக்டர் அண்ணே, நீங்களும் பையனைக் கூட்டிக்கொண்டு அந்த அக்காவும் அவசியம் வர வேண்டும். மதியச் சாப்பாடு எங்களோடுதான்.