பகிர்ந்த கிளையில் ரீபேஸ்: லீஸ் காப்பாற்றுமா?

கிளைக்காவலன்:
நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில், சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷுடன் ஃபோர்ஸ்-வித்-லீஸ் என்ற காப்பு விருப்பத்தைக் கொடுத்தால் பலர் பகிரும் கிளையையும் அச்சமின்றி ரீபேஸ் செய்யலாம் (கமிட்டுகளை, அதாவது பதிவுசெய்த மாற்றங்களை, வேறோர் அடிமேல் மறுபடி அடுக்கலாம்) என்று நேர்கோடு நேற்று எழுதியதைப் படித்தபின் பேசாமலிருக்க இயலவில்லை. ஒரு கமிட்டின் அடையாளக் குறியான ஹேஷ், அதற்கு முந்தைய தாய்க் கமிட்டின் ஹேஷையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், அடியில் ஒன்றை மாற்றினால் அதற்கு மேலுள்ளவை அனைத்தும் புதிய கமிட்டுகளாகிவிடும். பழையவற்றின்மேல் வேலை செய்பவர்களை எந்த லீஸ் காப்பாற்றும்?

நேர்கோடு:
பேச்சைத் திருப்ப வேண்டாம். சர்வரில் உள்ள கிளை நான் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே இருந்தால்தான் புஷ் நடக்கும், இல்லையேல் மறுக்கப்படும். 2013-இல், 1.8.5 பதிப்பிலேயே வந்த வசதி இது. கையேட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.

கிளைக்காவலன்:
படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் பார்த்த இடமன்று, உங்கள் கணினி ஃபெட்ச் செய்த, அதாவது சர்வரிலிருந்து கடைசியாக இறக்கிக்கொண்ட, இடம். எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால், பிறர் அனுப்பிய கமிட் உங்கள் கண்ணில் படாமலேயே ஒரிஜின், அதாவது சர்வர் கிளை பற்றி உங்கள் கணினி வைத்திருக்கும் குறிப்பு, முன்னேறிவிடும். லீஸும் மறுக்காமல் வழிவிடும். இந்த எச்சரிக்கை அதே கையேட்டில் இருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த 2.30 பதிப்பில், இறக்கிய கமிட்டுகள் உங்கள் கிளையில் சேர்ந்தனவா என்று பார்க்கும் ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் சேர்க்கப்பட்டதும் இதற்காகத்தான்.

நேர்கோடு:
என் எடிட்டரில் தானியங்கி ஃபெட்ச் இல்லை. ஆகவே லீஸ் பாதுகாப்பானது. 'திருத்தம்', 'மீண்டும் திருத்தம்' என்று 17 கமிட்டுகளைக் கொட்டுகிறவருக்குச் சுத்தமான வரலாற்றின் அருமை எப்படித் தெரியும்?

கிளைக்காவலன்:
அந்த 17-இல் 2 கமிட்டுகள் மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ரீபேஸில் காணாமல் போயின. நீங்கள் சொன்னபடி ஹார்ட் ரீசெட் செய்து என் கிளையைச் சர்வரில் உள்ளபடியே மாற்றிய பிறகே எனக்கு அது தெரிந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும், கிளை நகர்ந்த இடங்களைக் குறித்துவைக்கும் ரீஃப்ளாக்கைத் துழாவி மீட்டேன். என் கமிட் செய்தி அழகாக இல்லை என்பதற்காக என் வேலையை அழிக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

இரவுநிரலர்:
கிட் மென்பொருளை உருவாக்கும் திட்டத்தின் 'சீன்' என்ற சோதனைக் கிளையே அடிக்கடி புதிதாகக் கட்டப்படுகிறதே?

கிளைக்காவலன்:
அதன்மேல் வேலையைத் தொடங்காதீர்கள் என்று அவர்கள் முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். இங்கே யார் அறிவித்தார்கள்?

நேர்கோடு:
அறிவிக்காதது லீஸின் குற்றமன்று. லீஸ் தன் வேலையைச் செய்தது.

கிளைக்காவலன்:
செய்திருந்தால் என் 2 கமிட்டுகள் எங்கே போயின? உங்கள் கணினியில் ஒரிஜின் கிளையின் ரீஃப்ளாக்கை எடுத்து இங்கே ஒட்டுங்கள். புஷ்ஷுக்கு முன் ஃபெட்ச் நடந்ததா என்பது அதில் நேரத்தோடு இருக்கும்.

நேர்கோடு:
என் கணினியை உங்களுக்குத் திறந்து காட்டும் கட்டாயம் எனக்கில்லை. லீஸ் பாதுகாப்பானது.

கிளைக்காவலன்:
ஃபெட்ச் நடந்ததா, இல்லையா?