அரை மில்லி வினாடி என்பது செலவா, எல்லையா?

கெர்னல்வாசி:
ஒரு பணியைச் செயலியின் ஒரு கோரிலிருந்து (கணக்கிடும் அலகு) இன்னொரு கோருக்கு மாற்றினால் லினக்ஸில் ஒவ்வொரு முறையும் 0.5 மில்லி வினாடி வீணாகிறது என்றும், ஆகவே எல்லாவற்றையும், பணியைக் குறிப்பிட்ட கோர்களில் மட்டும் ஓடவைக்கும் டாஸ்க்செட் கட்டளை கொண்டு கட்டிப்போட வேண்டும் என்றும் நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் மைக்ரேஷன் காஸ்ட் (இடமாற்றச் செலவு) என்ற அளவுருவின் இயல்பு மதிப்பு 5,00,000 நானோ வினாடி, அதாவது அதே 0.5 மில்லி வினாடி, என்பது உண்மைதான். ஆனால் அது செலவு அன்று, எல்லை. ஒரு பணி கடைசியாக ஓடி அவ்வளவு நேரம் ஆகவில்லையென்றால், அதன் தரவு இன்னும் கோரின் அருகிலுள்ள வேக நினைவகமான கேஷில் சூடாக இருக்கும் என்று கருதி, எந்தப் பணி எங்கே ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் அதை வேறு கோருக்கு இழுக்கத் தயங்குகிறது.

நிலவன்:
எழுதியவன் நான்தான், என் பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அளவுருவின் பெயரிலேயே "காஸ்ட்" இருக்கிறது. கெர்னலை எழுதியவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா? 6.1 கெர்னலில் சிஸ்சிடிஎல் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாக அதைப் பத்து மடங்கு கூட்டினேன், டேட்டாபேஸ் வேகமானது.

கெர்னல்வாசி:
5.13 பதிப்பிலேயே அந்த அளவுரு சிஸ்சிடிஎல்லிலிருந்து, பிழைதிருத்தத்துக்கான டீபக்எஃப்எஸ் கோப்பமைப்புக்குப் போய்விட்டது. 6.1இல் உங்கள் கட்டளை பிழைச்செய்தியைத்தான் தந்திருக்கும், அதைப் படிக்காமலே வேகம் கூடியது என்கிறீர்கள். செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: கோருக்கு மிக நெருக்கமான எல்1 தரவுக் கேஷ் 32 கிலோபைட் என்றால், வரிக்கு 64 பைட்டாக 512 வரிகள். பல கோர்கள் பகிரும் பெரிய எல்3 கேஷிலிருந்து வரிக்கு 10 நானோ வினாடி வீதம் ஒவ்வொன்றாக நிரப்பினாலும் ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடிதான். ஏஎம்டியின் ஜென் 2 சில்லில் நான்கு கோர்களும், ஜென் 3இல் எட்டுக் கோர்களும் ஓர் எல்3ஐப் பகிர்கின்றன. அந்தக் கூட்டத்தைத் தாண்டினால் செலவு ஏறும். நினைவகம் நோடுகளாகப் பிரிந்திருக்கும் நூமா கணினியில் வேறு நோடுக்குப் போனாலோ, நினைவகம் பழைய நோடிலேயே தங்கியிருக்கும் வரை தண்டம் கட்ட வேண்டியதுதான். எங்கும் ஒரே 0.5 எப்படிப் பொருந்தும்?

மின்மினி:
6.6 கெர்னலில் இஇவிடிஎஃப் என்ற புது ஷெட்யூலர் முறை வந்துவிட்டது. இதெல்லாம் பழங்கதை.

கெர்னல்வாசி:
இஇவிடிஎஃப் ஒரு கோரின் வரிசையில் அடுத்து யார் என்பதைத் தீர்மானிப்பது. கோர்களுக்கிடையே சுமையைப் பகிரும் வேலை வேறு. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மின்மினி:
போன மாத நினைவகக் கசிவு விவாதத்திலும் இதே தொனியில்தான் என்னை வாயடைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

நிலவன்:
கசிவு கிடக்கட்டும். பெர்ஃப் ஸ்டாட் என்ற அளவீட்டுக் கருவியில் மைக்ரேஷன் (கோர் மாற்றம்) எண்ணிக்கை குறைந்தது, வேகம் கூடியது. 0.5 செலவுதான்.

கெர்னல்வாசி:
டாஸ்க்செட் போட்டால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்! கட்டிப்போட்ட பணி வரிசையில் காத்திருக்க, பக்கத்துக் கோர் சும்மா கிடப்பதைப் பார்த்தீர்களா? பணிகள் காத்திருக்கும்போதே லினக்ஸ் ஷெட்யூலர் கோர்களைச் சும்மா விடுகிறது என்று 2016 யூரோசிஸ் மாநாட்டில் ஒரு கட்டுரையே வந்தது. நகர்த்தாமலிருப்பதற்கும் விலை உண்டு. உங்கள் வரிசைக் காத்திருப்பு நேரத்தை இங்கே இடுங்கள்.

நிலவன்:
இட மாட்டேன். பெயரில் "காஸ்ட்" இருக்கும் வரை அது செலவுதான்.

கெர்னல்வாசி:
எல்லை. ஷெட்யூலர் நிரலில் டாஸ்க்_ஹாட் என்ற செயற்கூறைத் திறந்து பாருங்கள், அதில் அந்த எண் எதனோடும் கூட்டப்படவில்லை, ஒப்பிடத்தான் படுகிறது.