பங்குனி, சித்திரை, வைகாசி: எந்த நாளுக்குக் கையில் ஏதாவது கொண்டு போக வேண்டும்?

உப்புவெளி ஒழுங்கை கேட்டது:

வணக்கம். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் (சிறு தெருவில்) பன்னிரண்டு வீடு. ஏழு சைவ வீடு, இரண்டு முஸ்லிம் வீடு, இரண்டு கத்தோலிக்க வீடு, ஒரு சிங்கள வீடு. நாங்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். நோன்புப் பெருநாள், பெரிய வெள்ளி, ஈஸ்டர், சித்திரைப் புத்தாண்டு, சித்திரா பௌர்ணமி, பௌத்தர்களின் வெசாக் என்று மூன்று மாதத்துக்குள் எல்லாம் வரிசையாக வருகிறது. எதற்குப் பரிசு கொடுப்பது வழக்கம், எதற்குக் கொடுத்தால் பிழையாகும்? புத்தாண்டுக்குக் கையில் கொடுக்கும் காசு, அந்தக் கைவிசேஷத்துக்கு எவ்வளவு வைப்பது? மொத்தச் செலவு 15,000 ரூபாவைத் தாண்டக்கூடாது. கடையில் விற்கும் சுற்றிக் கட்டின பரிசுப் பொதி வாங்கலாமா, வீட்டிலேயே ஏதும் செய்வது நல்லதா?

மடத்தடி எழுதியது:

முதலில் பரிசுப் பொதியை விடுங்கள். நீங்கள் சொன்ன நாட்களில் ஒன்றுக்குமே அது மரபு இல்லை. அயலுக்குப் போவது பலகாரத் தட்டு, அவ்வளவுதான். 1,500 ரூபாப் பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களும் அதே விலைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று யோசிப்பார்கள். வீணாக ஒரு கடனை ஏற்றிவிடுவீர்கள்.

கைவிசேஷம் தனி விஷயம். அதில் யார் யாருக்குக் கொடுப்பது என்பதுதான் முக்கியம், தொகை பிறகு. மூத்தவர் இளையவருக்கும், வேலை கொடுப்பவர் வேலை செய்பவருக்கும் கொடுப்பது. மறுபக்கமாகப் போகாது. உங்களிலும் மூத்தவர்களுக்கு நீங்கள் காசு நீட்டக்கூடாது. வெற்றிலை பாக்கோடு பலகாரம் கொடுத்து, காலில் விழுந்து, அவர்கள் தருவதை இரண்டு கையாலும் வாங்குங்கள். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. புத்தாண்டன்று அவர்களே வருவார்கள்.

தட்டில் வைப்பது வெற்றிலை, பாக்கு, மஞ்சள் துண்டு, ஒரு பிடி நெல், பூ, அதன்மேல் தாளும் நாணயமும். தொகை ஒன்றில் முடிய வேண்டும்: 51, 101, 501. சின்னப் பிள்ளைக்கு 51, பெரிய பிள்ளைக்கு 101 இந்த ஊரில் குறைவென்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஒரு ரூபாய்க் குற்றியைத்தான் கடைசி நேரத்தில் தேடி அலைவார்கள். இப்போதே சேர்த்து வையுங்கள்.

2026 இல் புத்தாண்டு ஏப்ரல் 14, செவ்வாய். முதல் நாள் திங்களும் விடுமுறை, அதற்கு முன் சனி, ஞாயிறு. ஆகவே வங்கி கடைசியாகத் திறக்கும் நாள் 10 ஆம் திகதி வெள்ளி. அன்றைக்குப் போனால் புதுத்தாள் முடிந்திருக்கும். 6, 7 ஆம் திகதிகளிலேயே போய், 20, 50, 100 ரூபாத் தாள்கள் எத்தனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தானியங்கி இயந்திரத்தில் சின்னத் தாள் வராது, அதை நம்பாதீர்கள்.

நேரம் பஞ்சாங்கத்தில் இருக்கும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் வேறு வேறு நேரம் காட்டும். வீட்டில் எதைப் பார்க்கிறார்களோ அதையே கடைசிவரை பாருங்கள், ஒன்றில் மருத்துநீரும் (முழுகுமுன் தலையில் வைக்கும் மூலிகை நீர்) மற்றதில் கைவிசேஷமும் எடுத்துக் குழப்ப வேண்டாம். புண்ணியகாலம், சூரியன் மேட ராசிக்குள் போகும் சங்கிரமத்துக்கு முன் நாலு மணித்தியாலம், பின் நாலு மணித்தியாலம். அதற்குள் மருத்துநீர் வைத்து முழுக வேண்டும். கைவிசேஷத்துக்கு இரண்டு மூன்று நேரம் தனியாகக் குறித்திருக்கும். அந்த நேரத்துக்கு முன் யாருக்கும் காசு நீட்ட வேண்டாம், கடைக்காரருக்கும்தான்.

மருத்துநீர் கோயிலில் தருவார்கள். போத்தல் கொண்டு போங்கள். தலையில் வைக்கும் இலை, காலில் வைக்கும் இலை, உடுப்பின் நிறம் எல்லாம் ஆண்டுக்காண்டு மாறும். பெற்றோருக்கு உடுப்பு எடுப்பதானால் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். கொடுப்பதும் புத்தாண்டுக்கு முன்பே. முழுகினவுடன் உடுத்தத்தானே அது? அன்று பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்து என்ன பயன்?

வீட்டு வேலைக்கு வருபவருக்கு உடுப்புக் காசை ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுங்கள். கைவிசேஷம் வேறு, அது வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது கஞ்சத்தனம்.

ஜமாலியா வாசி எழுதியது:

பெருநாள் பற்றி. பிறை பார்த்துத்தான் நாள் முடிவாகும், கொழும்புப் பெரிய பள்ளிவாசல் அறிவிப்பு முதல் நாள் இரவுதான் வரும். நாளை நிச்சயம் என்று நினைத்துக் கேக் சொல்லி வைத்தால் ஒரு நாள் பழசாகிவிடும். 10, 11 நாள் ஒவ்வொரு வருடமும் முன்னுக்கு வருவதால் இது எப்போதும் வசந்தத்தில் நிற்கப்போவதும் இல்லை. 2024 இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன, இப்போது மார்ச்சுக்குப் போய்விட்டது.

பெருநாளைக்கு அயலவர் பரிசு கொண்டுவர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வட்டிலப்பமும் சோறும் இங்கிருந்துதான் அங்கே வரும். ஏதாவது கொடுக்க விருப்பமென்றால் நோன்பு மாதத்திலேயே நல்ல பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொடுங்கள், நோன்பு திறக்க உதவும். பெருநாளன்று என்றால் பழம். கேக், பிஸ்கட் வாங்குவதானால் ஹலால் அடையாளம் பாருங்கள். ரிச் கேக் வகைகளில் பிராந்தி, ரம் வாசனை சேர்ப்பார்கள். ஜெலி, மார்ஷ்மலோ போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கும். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுத்தால் மகிழ்ச்சிதான், கட்டாயமில்லை. பித்ரா என்று கேள்விப்படுவீர்கள். தலைக்கு ஒரு ஸாஉ, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைக்குக் கொடுப்பது. அது எங்கள் மேல் உள்ள கடமை, அயலவருக்கு அதில் பங்கில்லை.

புத்தாண்டுப் பலகாரம் அனுப்பும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாமிக்குப் படைத்ததைச் சில வீடுகளில் சாப்பிடமாட்டார்கள், ஆனால் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள். படைப்பதற்கு முன்பே அவர்கள் பங்கை வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, “இது படைக்காதது” என்று ஒரு சொல் சொல்லிக் கொடுங்கள். எங்கள் பக்கத்திலும் பிழை நடக்கும்: வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறது, மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் வீட்டுக்கு அதை அனுப்பக்கூடாது.

தட்டு வந்தால் வெறுமையாகத் திருப்ப வேண்டாம். சீனியோ பழமோ ஒரு பிடி.

பாலையூற்று எழுதியது:

பெரிய வெள்ளிக்கு (ஏப்ரல் 3) ஒன்றும் வேண்டாம். துக்க நாள், உபவாச நாள். “வாழ்த்துக்கள்” என்று கைப்பேசியில் அனுப்புவதும் பிழை. ஈஸ்டர் 5 ஆம் திகதி. எங்கள் ஆட்களிடையே பரிசு கிறிஸ்மஸுக்குத்தான், ஈஸ்டருக்குக் கேக் ஒரு துண்டு போதும். சொக்லேட் முட்டை வாங்கினால் பிள்ளை கைக்குப் போகுமுன் உருகிவிடும், ஏப்ரலில் திருகோணமலை வெயில் அப்படி. பட்டர் ஐசிங் கேக்கும் அதே கதைதான்.

கன்னியா அக்கா எழுதியது:

பலகாரம் வீட்டில் செய்யுங்கள், செலவு பாதியாகும். பன்னிரண்டு வீட்டுக்கு முறுக்கு, பயத்தம்பணியாரம், கதலி வாழைப்பழம் போதும். அரியதரம் பழகாத கைக்கு வேண்டாம், பாகு பிழைத்தால் எண்ணெய்க்குள் கரைந்து போகும்.

பயத்தம்பணியாரம் வீட்டுக்கு ஐந்து உருண்டை என்றால் அறுபது. அதற்கு முக்கால் கிலோ பயறு. சிவக்க வறுத்துத் தோல் போக்கித் திரித்து அரித்தெடுங்கள். தேங்காய் ஒன்று துருவி, ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமாகும்வரை வறுக்க வேண்டும். பெரும்பாலானோர் பிழைவிடும் இடம் இதுதான். ஈரம் கொஞ்சம் நின்றாலும் இரண்டாம் நாளே புளித்த மணம் வந்துவிடும். சர்க்கரை அரைக் கிலோ, கம்பிப் பதம் வந்ததும் இறக்கி, மிளகுத்தூள், ஏலக்காய், தேங்காய்ப்பூ, பயற்றம் மா போட்டுக் கிளறி, கைபொறுக்கும் சூட்டில் இறுக்கி உருட்டுங்கள். ஆறவிட்டால் உதிரும்.

மேல்மாவுக்குப் பச்சையரிசி மா இரண்டு பங்கு, கோதுமை மா ஒரு பங்கு, தேங்காய்ப்பால், உப்பு, சிட்டிகை மஞ்சள். விரலைத் தோய்த்தால் தோல் தெரியாமல் மூட வேண்டும். தண்ணியாக இருந்தால் உருண்டை எண்ணெய்க்குள் வெடித்து முழுச் சட்டியும் கறுக்கும். எண்ணெய் காயாமல் போட்டால் குடித்துக்கொள்ளும், மூன்றாம் நாள் காறல் மணக்கும். 12 ஆம் திகதி செய்து, நன்றாக ஆறின பிறகே டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு வருடத்துக்குள் இழவு நடந்த வீடு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அங்கே பலகாரம் சுடமாட்டார்கள், கைவிசேஷமும் பார்க்கமாட்டார்கள். தட்டோடு போய் வாசலில் நிற்பதற்கு முன் அவர்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

உப்புவெளி ஒழுங்கை கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் சில கேள்வி. சிங்கள வீட்டுக்கும் அதே நேரத்தில் போகலாமா? வெளிநாட்டில் இருக்கும் மருமக்களுக்குக் கைவிசேஷத்தைக் கைப்பேசி வழியாகக் கணக்குக்குப் போடலாமா? எங்கள் பகுதி அலுவலர் ஒருவருக்குப் பொதி கொடுக்கச் சொல்கிறார்கள், அது சரியா? சித்திரா பௌர்ணமிக்கு என்ன செய்வது?

மடத்தடி எழுதியது:

சூரியன் மேடத்துக்குள் போவது நமக்கும் சிங்களவருக்கும் ஒன்றுதான், ஆனால் அவர்களுடைய புண்ணியகாலம் 12 மணித்தியாலம் 48 நிமிடம்: சங்கிரமத்துக்கு முன் 6 மணி 24 நிமிடம், பின்னும் அவ்வளவு. அந்த நேரம் அடுப்பு எரியாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. நம்முடைய எட்டு மணித்தியாலம் முடிந்தாலும் அவர்களுக்கு முடிந்திருக்காது. அடுப்பு மூட்டல், கனுதெனு (முதல் கொடுக்கல் வாங்கல்), முதல் உணவு ஆகியவற்றின் சுபநேரம் பத்திரிகையில் வரும். அதெல்லாம் முடிந்த பிறகு தட்டோடு போங்கள். அவர்கள் பலகாரமான கொக்கிஸும் கெவுமும் உங்கள் தட்டில் திரும்பி வரும். வெசாக்குக்கு வீட்டுக்குப் பரிசு என்று ஒன்றில்லை. தன்சல் (வருவோருக்கு இலவசமாக உணவு கொடுக்கும் பந்தல்) நடத்துகிறவர்களுக்குச் சீனி, அரிசி கொடுக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிந்த தன்சலா என்று பார்த்துக் கொடுங்கள்.

கைப்பேசிக் காசு: அனுப்புங்கள், ஆனால் சுபநேரத்துக்குப் பிறகு, ஒன்றில் முடியும் தொகையாக. தட்டில் அவர்கள் பேருக்கு ஒரு நாணயத்தைத் தனியாக எடுத்து வைத்து, ஊருக்கு வரும்போது கையில் கொடுத்தால் நல்லது.

அலுவலருக்கு வேண்டவே வேண்டாம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் கையூட்டு என்பதற்குள் பரிசும் வரும். பலகாரத் தட்டு அயலவர் என்ற முறையில் அவர் வீட்டுக்குப் போகட்டும், அலுவலக மேசைக்கு எதுவும் போகக்கூடாது.

கன்னியா அக்கா எழுதியது:

சித்திரா பௌர்ணமி மே 1. தாயை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம். அந்த வீட்டுக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினால் மனம் நோகும். தானம் கொடுப்பதும் கஞ்சி வார்ப்பதும் அவர்கள் வேலை, கோயிலில் ஊற்றினால் நீங்களும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடியுங்கள். அன்னையர் தினம் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, 10 ஆம் திகதி. ஒன்பது நாள் இடைவெளிதான், ஒழுங்கையில் யார் வீட்டில் அம்மா இருக்கிறார், யார் வீட்டில் இல்லை என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே வாழ்த்து அனுப்பாதீர்கள்.

கணக்குக் கேட்டீர்கள். பயறு, மா, எண்ணெய், தேங்காய், பழம் எல்லாம் சேர்த்து 7,000 ஒதுக்குங்கள். கைவிசேஷத்துக்கு 4,000, பேரீச்சம்பழத்துக்கு 2,000. மிச்சத்தைத் தொடாதீர்கள், எண்ணெய் விலை சித்திரைக்கு முன் ஏறினால் அதுதான் கைகொடுக்கும்.